கண்ணில் ஒற்றிய கை

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் கல்யாண மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் பந்திக் கூடத்தில்தான் முருகவேல் ஜூடோ மன்றம் நடத்துகிறார். முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது. பௌர்ணமியன்று கிரிவலம் வருகிறவர்கள் கூடம் முழுக்கப் படுத்திருப்பார்கள், அன்றைக்கும் கிடையாது. தீபத் திருவிழா வந்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது. மற்ற நாளெல்லாம் காலை ஐந்தரைக்கு 'மேட்' என்கிற தடித்த விரிப்பை விரித்து, ஏழு மணிக்குச் சுருட்டி, சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் அடுக்கிவிடுவார்கள். எவ்வளவு துடைத்தாலும் அந்த மேட்டில் லேசாகச் சாம்பார் வாசம் இருக்கும்.

ஏழு மணிக்கு மேல் முருகவேலுக்கு வேறு வேலை. கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே ஆள் ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். கீழ்பென்னாத்தூரை அடுத்த ஒரு கிராமம்தான் சொந்த ஊர். இருபது வயதில் துணை ராணுவப் படையில் சேர்ந்தார். ஜூடோ அங்கே கற்றதுதான். படை அணிக்காக ஆடி இரண்டு பதக்கம் வாங்கினார். மூன்றாவது வருவதற்கு முன்னால் வலது முழங்கால் போய்விட்டது. முப்பத்து மூன்று வயதில் ஊர் திரும்பியபோது ஒரு தகரப் பெட்டியும், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத காலும்தான் கூட வந்தன.

ஊரில் யாருக்கும் ஜூடோ என்றால் என்னவென்று தெரியவில்லை.

"கராத்தேதானே?"

"கராத்தே இல்லீங்க. இதுல அடிக்கிறது கெடையாது. எதிராளியப் புடிச்சிக் கீழ தள்றது."

"தள்ளிவுட்றதுக்கு எதுக்குய்யா கிளாசு? சாராயக் கட வாசல்ல நின்னா ஓசியில கத்துக்கலாமே."

இப்படிக் கேட்டுச் சிரித்தவர்களோடு முருகவேலும் சிரித்தார். கோணிப் பைக்குள் தேங்காய் நாரைத் திணித்துத் தைத்து, மேலே தார்ப்பாய் போட்டு முதல் மேட்டை அவரே செய்தார். சட்டையைக் கெட்டியான காடாத் துணியில் இரட்டையாக மடித்துத் தைத்துக் கொடுத்தார் ஊர்த் தையல்காரர். பெயர்ப் பலகை எழுத வந்த ஆள், ஜூடோ என்று மட்டும் எழுதினால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று சொல்லி, தானாகவே 'கராத்தே' என்றும் சேர்த்து எழுதிவிட்டுப் போனான். அதை அழிக்க முருகவேலுக்கு மனசு வரவில்லை. அப்படியும் முதல் மாதம் வந்தது நான்கு பேர்தான்.

அந்த நால்வரில் ஒருத்தி எழில். முருகவேலின் ஊர்ப் பெண். அப்போது அரசுக் கல்லூரியில் கணிதம் முதலாண்டு படித்தாள். அவள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான், ஆண் பெண் இரண்டிலும் சேர்த்து. விடியற்காலை முருகவேலின் வேனில் வந்து, வகுப்பு முடித்து, கல்லூரிக்குப் போவாள்.

மூன்றாவது வாரம் எழிலின் அம்மா பாஞ்சாலை, மகள் என்ன கற்கிறாள் என்று பார்க்க அதே வேனில் வந்தார். கூடத்துச் சுவரோரம் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். எழில் எதிரே நின்ற பெண்ணின் கணுக்காலைத் தன் பாதத்தால் வாரிவிட்டாள். அந்தப் பெண் சரிந்து விழ, எழிலின் கால் அவள் தோளில் பட்டது. பாஞ்சாலை எழுந்து நின்றுவிட்டார்.

"தம்பி, இன்னா இது? ஒரு பொம்பளப் புள்ளைய இன்னொரு பொம்பளப் புள்ள காலால ஒதைக்கிறதா? இதுக்கா காலங்காத்தால எழுப்பி அனுப்பறேன்?"

"ஒதைக்கலக்கா. கால வாரி விடறது. இந்த வித்தையே அப்பிடித்தான்."

"வித்தையாவது கித்தையாவது. மனுசங்க மேல கால் பட்டா பாவம் இல்லியா? எழிலு, கிளம்பு."

அந்த ஒரு நிமிடத்தில் முருகவேலுக்கு மன்றமே கண்முன்னால் கலைவது போல இருந்தது. எழில் போனால் மற்ற மூவரும் போய்விடுவார்கள். அவர் சட்டென்று சொன்னார்:

"அக்கா, இருங்க. யார் கால் யார் மேல பட்டாலும் உடனே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும். நம்ம மன்றத்துல அதான் முதல் சட்டம். எழில், தொட்டுக்கும்மா."

அப்படி ஒரு சட்டம் அதுவரை இல்லை. எழில் குனிந்து அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாஞ்சாலை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"அப்ப செரி," என்றார்.

மன்றம் வளர்ந்ததே அந்த 'அப்ப செரி'யில்தான். பாஞ்சாலை நூறு நாள் வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். "ஜப்பான் வித்ததான். ஆனா மரியாத சொல்லித் தர்றாரு." ஒரு வருடத்தில் முப்பது பேர் சேர்ந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். பாண்டிச்சேரியில் மூடப்பட்ட ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து நிஜமான மேட் நாற்பத்தெட்டு துண்டு வந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது முறை கால் வாரிப் பழகினால், ஐம்பது முறையும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். ஆசிரமப் பக்கம் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள்கூட வந்து இதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். முருகவேலுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. தான் கண்டுபிடித்த ஒன்று என்ற பெருமை.

ஒரே ஒருத்தர்தான் வேறு மாதிரி சொன்னார். படையில் முருகவேலோடு ஆடியவர், அன்பரசன். இப்போது சேலத்தில் பயிற்சியாளர். போன வருடம் மலை சுற்ற வந்தவர் மறுநாள் காலையில் மன்றத்துக்கும் வந்தார். எழில் ஆடுவதைப் பார்த்துவிட்டு முருகவேலைத் தனியே கூப்பிட்டார்.

"பொண்ணு நல்லா ஆடுதுய்யா. வலது கால் வாரல் கத்தி மாதிரி இருக்குது. ஆனா வாரினதும் கைய விட்டுட்டு எதுக்கு அந்தக் கும்பிடு? அங்கதான் மேல விழுந்து அமுக்கணும்."

"அது பயிற்சியிலதான். போட்டியில பண்ண மாட்டாங்க."

"ஒடம்புக்குப் பயிற்சி, போட்டின்னு தெரியுமா? இப்பவே விட வை."

முருகவேல் தலையாட்டினார். ஆனால் வகுப்பில் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். வீட்டில் என்ன பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அதற்குள் தீபம் வந்தது, தை முகூர்த்தங்கள் வந்தன.

எழில் பட்டம் வாங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆசிரமம் பக்கத்து விடுதி ஒன்றில் வரவேற்பறையில் வேலை. அவளுக்குப் போலீஸ் வேலைதான் வேண்டும். காக்கிச் சட்டையில் கீழ்பென்னாத்தூர் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்று முருகவேலிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவை தேர்வு எழுதினாள். இரண்டிலும் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் போனது. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். விளையாட்டு ஒதுக்கீடு ஒன்றுதான் மிச்சம். அதற்கு மாநில அணியில் இடம் பிடித்து, தேசியப் போட்டிக்குப் போய்வந்த சான்றிதழ் வேண்டும். அந்த இடத்துக்கான தேர்வுப் போட்டி ஆனி மாதம் சேலத்தில் நடந்தது. எடைப் பிரிவுக்கு ஒருத்திதான்.

முதல் மூன்று ஆட்டத்தையும் எழில் நான்கு நிமிடம் முழுக்கத் தேவைப்படாமலே முடித்தாள். கடைசி ஆட்டத்தில் எதிரே நின்றவள் நீலச் சட்டை போட்ட சென்னைப் பெண், போன வருடத்து மாநில வீராங்கனை. முருகவேல் மேட்டோரம் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று நிமிடத்துக்கு மேல் ஒருத்தியை ஒருத்தி அசைக்க முடியவில்லை. இன்னும் நாற்பது விநாடி இருந்தது. நீலச் சட்டைக்காரி ஒரு அடி முன்னால் வைத்தாள். அந்தக் கால் தரையில் ஊன்றுவதற்கு முன் எழில் அதை வாரினாள்.

முருகவேல் வாழ்க்கையில் பார்த்த கால் வாரல்களில் அது மிகச் சுத்தமானது. அந்தப் பெண் பக்கவாட்டில் விழுந்தாள். நடுவர் கையை நீட்டி அரைப் புள்ளி கொடுத்தார். மேலே விழுந்து அமுக்க வேண்டும், அவ்வளவுதான். அமுக்காவிட்டாலும் பிடியை விடாமல் நாற்பது விநாடி ஓட்டினால் போதும். ஆனால் விழும்போது எழிலின் பாதம் அவள் கன்னத்தில் பட்டிருந்தது.

எழில் பிடியை விட்டாள். குனிந்தாள். வலது கை விரல்களால் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுத் தன் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

சென்னைப் பெண்ணுக்கு என்ன நடக்கிறதென்று புரிந்திருக்காது. புரியவும் வேண்டியதில்லை. கண்ணுக்குப் போன கையின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், உருண்டாள், மேலே படுத்தாள். நடுவர் கை காட்ட, கடிகாரம் எண்ண ஆரம்பித்தது. இருபது விநாடி அமுக்கினால் ஆட்டம் முடிந்தது. எழில் பாலம் போல உடம்பை வளைத்தாள், காலை உதைத்தாள், திரும்பப் பார்த்தாள். முருகவேல் நாற்காலியின் நுனிக்கு வந்து "இடது பக்கம், இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. மணி அடித்தது.

பார்வையாளர் வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஒருத்தன், "கோயிலுக்கு வந்துட்டாப்ல" என்றான். அன்பரசன் தூரத்தில் நின்றிருந்தார். கிட்டே வரவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் ஊத்தங்கரை தாண்டியாயிற்று. எழில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் முருகவேலுக்குச் சொல்ல ஏதாவது வார்த்தை கிடைத்திருக்கும்.

"நான் யோசிக்கவே இல்ல மாஸ்டர். கை அதுவா போச்சி."

"தப்பு உன்னுது இல்ல எழில். என்னுது."

"தெரியும் மாஸ்டர்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். கொஞ்சம் கழித்து, "அன்னிக்கி சேலத்து மாஸ்டர் உங்ககிட்ட சொன்னது எனக்கும் காதுல விழுந்துது. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பேன்," என்றாள்.

செங்கத்தில் டீ குடிக்க வண்டி நின்றது. இருவருமே இறங்கவில்லை.

வீட்டில் மனைவி ரேவதி சோறு போட்டாள். முருகவேல் பிசைந்துகொண்டே இருந்தார். "அந்தப் பொண்ணோட அம்மாவப் போய்ப் பாத்தியா?" என்று அவள் கேட்டாள். "நாளைக்கிப் போறேன்." "நாளைக்கி நாளைக்கின்னுதான் இவ்ளோ தூரம் வந்துது," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மறுநாள் மதியம் போனார். பாஞ்சாலை வாசலில் முறம் வைத்துக்கொண்டு விதைக்கு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். எழில் வேலைக்குப் போயிருந்தாள். தோற்றுவிட்டதை மட்டும் சொன்னாளாம். எப்படி என்று சொல்லவில்லையாம். முருகவேல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

பாஞ்சாலையின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்.

"அத்தினி பேரு பாக்கறாங்க, அப்பவும் மறக்கலியே எம்பொண்ணு. தோத்தா இன்னா தம்பி, நல்லபடியாத்தானே நடந்துகிட்டா."

"அதனாலதான் தோத்துதுக்கா."

"செரி, அடுத்த வாட்டி செயிக்கிறா."

"அடுத்த வாட்டி இல்லக்கா. வயசு தாண்டிடும்."

மல்லாட்டை உரித்த கை நின்றது. "அப்ப போலீசு வேல?"

முருகவேல் இல்லை என்று தலையசைத்தார். பாஞ்சாலை முறத்தைப் பார்த்தார். ஓடும் பருப்புமாகக் கலந்து கிடந்ததை விரலால் தனித்தனியே ஒதுக்கினார். வெகு நேரம் ஒதுக்கினார்.

"அன்னிக்கி நான் வந்து கத்தாம இருந்திருக்கணும்," என்றார்.

"ஐயோ, அப்பிடி இல்லக்கா. நீங்க கேட்டதுல ஒண்ணும் தப்பில்ல. நான்தான் உங்களச் சமாதானம் பண்ண ஒண்ணு சொன்னேன். அப்பறம் அத நிறுத்தச் சொல்ல வாய் வரல. ஆளுங்க நின்னுடுவாங்களோன்னு பயம்."

"இல்ல தம்பி. எனக்கு இன்னா தெரியும்? எழுதப் படிக்கத் தெரியாதவ. படிச்ச புள்ள, நீ கத்துக்கோன்னு வாய மூடினு இருந்திருக்கணும்." முருகவேல் எவ்வளவு சொல்லியும் அந்தப் பழியை அவர் கீழே வைக்கவில்லை. அவரைப் பார்க்கப் போனது தன் மனச்சுமையை இறக்கிவைக்கத்தான் என்பதும், அது இன்னொருத்தர் தலையில் ஏறிவிட்டது என்பதும் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முருகவேலுக்கு உறைத்தது.

அந்த வாரமே மன்றத்தில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார். ஏன் என்று மறைக்காமல் சொன்னார். மூன்று வீட்டில் பெண்களை நிறுத்தினார்கள். மீதிப் பேர் வந்தார்கள். எழில் வரவில்லை. ஆவணியில் விடுதி வேலையையும் விட்டுவிட்டு, செய்யாறு பக்கம் ஷூ தைக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். படித்த பெண் என்பதால் தரம் பார்க்கிற இடத்தில் போட்டிருக்கிறார்களாம்.

கம்பெனி பஸ் கீழ்பென்னாத்தூர் கூட்டுரோட்டுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே வந்துவிடும். ஒரு நாள் முருகவேல் வேனை ஓட்டிக்கொண்டு வரும்போது, கழுத்தில் அடையாள அட்டையோடு எழில் நின்றிருந்தாள். கூட ஏழெட்டுப் பெண்கள். வண்டியை ஓரங்கட்டினார்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் மாஸ்டர். கால் எப்பிடி இருக்குது உங்களுக்கு?"

"மழைக்கி முன்ன கொஞ்சம் ஜாஸ்தியா வலிக்குது." பிறகு என்ன கேட்பது என்று தெரியாமல், "அம்மா?" என்றார்.

"உங்களப் பத்திக் கேட்டா ஒண்ணும் சொல்றதில்ல. நூறு நாள் வேலைக்கும் முன்ன மாதிரி போறதில்ல." எழில் ரோட்டைப் பார்த்தாள். தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. "இந்த வருஷம் யாராச்சும் போட்டிக்கிப் போறாங்களா?"

"ரெண்டு பேரு."

"ஒழுங்கா சொல்லிக் குடுங்க மாஸ்டர்."

பஸ் வந்து நின்றது. மற்றப் பெண்கள் முந்திக்கொண்டு ஏறினார்கள். எழில் கடைசியாக ஏறினாள். வழியில் வேனில் ஏற்றிக்கொண்ட ஒரு பெரியவர், "சென்னை பஸ்ஸப் புடிக்கணும் தம்பி, நேரமாவுது," என்றார். முருகவேல் கியரைப் போட்டார். பஸ் வடக்கே போயிற்று. அவர் திருவண்ணாமலைப் பக்கம் திருப்பினார்.