தெபோராளின் பாட்டில் ஒரு ஜன்னல்

எண்பதுகளின் நடுவில், நியூ ஜெர்சியில், மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்கள் சிலர் கூடி வேதம் வாசிப்போம். யாழ்ப்பாணத்துக்காரி நான் ஒருத்தி, மற்றவர்கள் மெட்ராஸ், திருநெல்வேலிப் பக்கம். மாதம் ஒருத்தி ஒரு பகுதியை எடுத்துப் பேச வேண்டும். என் முறை வந்தபோது தெபோராளைக் கேட்டு வாங்கினேன். எல்லோரும் பொறுமையான பெண்களைப் பற்றியே பேசிப் பேசி எனக்கு அலுத்துப் போயிருந்தது. பொறுமைக்கும் எனக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம்.

தெபோராள் பழைய இஸ்ரவேலின் நியாயாதிபதி. அந்நிய அரசன் ஒருவன் இரும்பு ரதங்களோடு நாட்டை அமுக்கி வைத்திருந்த காலத்தில், பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து சனங்களின் வழக்குகளைத் தீர்த்தவள். ஒரு நாள் தளபதியைக் கூப்பிட்டு, புறப்படு என்றாள். வென்ற பிறகு அதைப் பாட்டாகவும் பாடினாள். பெரிய தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்க, சனங்கள் சுற்றுவழிகளால் நடந்தார்கள் என்று அதில் ஓர் இடம் வரும். அதை வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ஊரிலும் பெரிய தெருவில் இராணுவம் நின்றது. என் தம்பி சந்துபோல ஒடுங்கின ஒழுங்கைகளுக்குள்ளால்தான் சைக்கிளில் டியூசனுக்குப் போய் வந்தான். ஒரு நாள் போனவன் திரும்பி வரவில்லை. பிடித்துக்கொண்டு போனார்களா, தானாகப் போனானா என்று ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கும் ஒரு தெபோராள் வர மாட்டாளா என்று ஏங்கினேன்.

அப்பா முன்பே இறந்துவிட்டார். அம்மா அங்கே தனியாக இருந்தார். அவரை இங்கே கூட்டி வந்துவிட வேண்டும் என்பதே என் ஒரே நினைப்பு. குளிரில் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம், உள்ளே அம்மா இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைப்பேன். ஸ்பான்சர் பண்ணலாம் என்று என் கணவரும் சொல்லிவிட்டார். அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. ஊரில் எங்கள் வீட்டில் டெலிபோன் இல்லை. பக்கத்து வீட்டுக்கு எடுத்தால் அவர்கள் போய்க் கூப்பிடுவார்கள். அம்மா ஓடி வந்து மூச்சு வாங்க நாலு வார்த்தை பேசுவார். பிறகு, "வீட்டில ஒருத்தரும் இல்லை பிள்ளை. அவன் வந்தால் பூட்டின கதவைப் பாத்திட்டுப் போயிடுவான். நான் வைக்கிறன்" என்பார். வைத்தும் விடுவார்.

கூட்டத்துக்கு முந்தின நாளும் அப்படித்தான் நடந்தது.

"இஞ்ச வாங்கோ அம்மா" என்றேன்.

"அவன் வரட்டும், வாறன். அவன் வராமல் நான் ஒரு இடமும் வரமாட்டன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தம்பியை நினைத்து நானும் அழுதவள்தான். ஆனாலும் எனக்கும் அம்மா வேண்டியிருந்தது. டெலிபோனில் இருக்கிற மகளுக்கு ஐந்து நிமிடம் கிடையாதா என்று அன்று முழுவதும் புகைந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் மான்மவுத் ஜங்ஷனில், ஒரு மெட்ராஸ் சிநேகிதியின் வீட்டில். பிள்ளைகள் பேஸ்மென்ட்டில் டிவி பார்த்தார்கள். நான் நன்றாகவே பேசினேன். நீ கூட வந்தால்தான் போருக்குப் போவேன் என்று தளபதி தெபோராளிடம் அடம்பிடித்த இடத்தில், வீட்டுக்காரச் சிநேகிதி குறுக்கே வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரும் இந்த ரகம்தாங்க. இண்டியன் ஸ்டோருக்குக்கூட நான் வந்தாத்தான் டிரைவ் பண்ணுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கோழையில்லை, யாரை நம்பிப் போகலாம் என்று தெரிந்தவன் என்று நான் தளபதிக்காக வாதாடினேன். அம்மாவும் முந்தின நாள் கிட்டத்தட்ட அந்தத் தளபதி சொன்னதையேதான் சொன்னார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பாட்டின் கடைசிக்கு வந்தேன். எதிரிப் படைத்தலைவன் தோற்று ஓடி, ஒரு கூடாரத்தில் செத்துக் கிடக்கிறான். அது தெரியாமல் அவனுடைய தாய் ஜன்னலில் நின்று தெருவைப் பார்க்கிறாள். ரதம் வர ஏன் இவ்வளவு நேரம் என்கிறாள். கொள்ளையைப் பங்கு போட நேரமாகும் என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொள்கிறாள். சின்ன வயதிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. நன்றாக வேண்டும் என்று நினைப்பேன். அன்று உரக்க வாசிக்கத் தொடங்கியவள் அந்த ஜன்னலுக்கு வந்ததும் மேலே வாசிக்காமல் நிறுத்திவிட்டேன்.

"என்னங்க, தண்ணி வேணுமா?" என்றாள் வீட்டுக்காரச் சிநேகிதி.

"அந்த மனிசி இன்னும் பாத்துக்கொண்டு நிக்குது" என்றேன்.

"எதிரியோட அம்மாதானேங்க?"

"ஓம். அம்மாதான்."

அவள் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மிச்சத்தை வாசித்து முடித்தாள்.

அதற்காகத் தெபோராளை நான் கைவிடவில்லை. அவள் எழும்பியிருக்காவிட்டால் அந்தத் தெருக்கள் திறந்திருக்காது. ஆனால் எங்கள் தெருவில் துவக்கோடு நின்ற சிங்களச் சிப்பாய்க்கும் தெற்கே எங்கோ ஒரு ஜன்னல் இருக்கும் என்பது அன்றுதான் முதன்முதலாக என் மண்டையில் ஏறியது. அதைவிடப் பெரிதாக ஏறியது, அம்மா நிற்கிற ஜன்னல்.

அடுத்த கிழமை டெலிபோன் எடுத்தேன். அம்மா ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், புட்டு என்றார். அதற்குமேல் நான் அவரைக் காக்க வைக்கவில்லை.

"சரி அம்மா, வையுங்கோ. வீட்டில ஒருத்தரும் இல்லை. அவன் வந்தாலும் வருவான்."

வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் கதை பிள்ளை" என்றார் அம்மா.