அடுத்த மொடல்

முருங்கன் சந்தியில் மன்னார் பஸ்ஸுக்காக நிற்கிறேன். வெயிலுக்கு ஒதுங்கிய இடம் ஒரு கைபேசிக் கடை. அதன் முகப்பில் கட்டியிருக்கும் பச்சை விளம்பரப் பனர் கடையைவிடப் பெரியது. போனமுறை வந்தபோது இந்தப் போன் கம்பனியின் பெயரை இங்கே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. இப்போது வழி நெடுக அதன் பச்சைதான்; கண் வலிக்கிறது. சில மாதங்களுக்கொரு புது மொடல், மொடலுக்கொரு பனர் என்கிறார் கடைக்காரர்.

போர் முடிந்து பெரியமடுவில் மீள்குடியேறிய ஒரு பெண் கடைக்கு வருகிறார்.

“தம்பி, அடுத்த மொடல் எப்ப வரும்?”

“கெதியில வரும் எண்டு கம்பனிக்காரர் சொல்லுகினம், அக்கா.”

“மாரிக்கு முந்தி வந்திடுமோ?”

நான் சும்மா இருந்திருக்கலாம். “இருக்கிற போனே நல்லதுதானே, ஏன் காத்திருக்கிறீர்கள்?” என்று கேட்கிறேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

“எனக்குப் போன் வேண்டாம். புதுசு வந்தால் இந்தப் பனரைக் கழட்டுவினம். அதை எனக்குத் தாறன் எண்டு தம்பி சொன்னவர். முந்தின மொடல்தான் எங்கட குசினிக்குக் கூரை. பிள்ளையள் படுக்கிற பக்கம் போன மாரிக்கு ஒரே ஒழுக்கு.”

சொல்லிவிட்டு, எட்டிப் பனரின் கீழ் விளிம்பை முழம் போட்டு அளக்கிறார்.

பஸ் வருகிறது. ஏறும்போதுதான் பனரை முழுதாகப் பார்க்கிறேன். அதில் ஒரு கைபேசியின் மேல் மழை கொட்டுகிறது. உள்ளே ஒரு துளியும் போகாதாம்.