காற்றின் திசைக்குக் கட்டம் இல்லை

அரியலூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். ஊருக்குக் கம்பவுண்டர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழிக் காலை, தெற்குத் தெரு செல்வி ஏழு மாதக் குழந்தையோடு வந்தாள். குழந்தை மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"பெரியவனுக்கும் இதே சளிதாங்க. சிறுவாச்சூர்ல எந்தங்கச்சி வூட்டுல வுட்டேன், மூணே நாள்ல எந்திரிச்சு ஓடுறான். இவனுக்கு மட்டும் ஏன் சார் இப்படி?"

நிமோனியா என்றார் டாக்டரம்மா. தினம் ஒரு வயல், அதாவது ஒரு குப்பி பெனிசிலின் ஊசி மருந்து, ஐந்து நாள். ஸ்டாக்கில் இருந்தவை இரண்டு.

இது எனக்கு ஐப்பசியிலேயே தெரியும். மருந்து கோரி அனுப்பும் இண்டென்ட் படிவத்தில் கூடுதலாகக் கேட்டு, காரணமும் எழுதியிருந்தேன்: 'மார்கழியில் வடகிழக்குக் காற்று. சிமெண்ட் ஆலைத் தூசி தெற்குத் தெருவில் இறங்கி, பனியில் கலையாமல் நிற்கிறது. சாதாரண சளி அங்கே முற்றிவிடுகிறது.' மாவட்ட மருந்து ஸ்டோரிலிருந்து பதில் வந்தது: 'காற்றின் திசை காரணமாகாது. சென்ற ஆண்டுச் செலவின்படி கோரவும்.' சென்ற ஆண்டுச் செலவு குறைவுதான். அந்த ஆண்டு மார்கழிப் பாதியிலேயே ஸ்டாக் தீர்ந்துபோயிருந்தது. இல்லாத மருந்து செலவாகாது.

"நாளன்னைக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றார் டாக்டரம்மா.

அனுமதி பெற்று வேறு நிலையத்தில் கடன் வாங்கலாம் என்கிறது விதி. நான் மருந்தை முதலில் வாங்கினேன். அனுமதி மாசியில் வந்தது.

பெரம்பலூர்ப் பக்கத்து நிலையத்தில் வயல்களை எண்ணிக் கொடுத்த கம்பவுண்டர் கேட்டார்: "உங்க ஊர்ச் சளிக்கு மட்டும் ஊசி கேக்குதாங்க? எங்க ஊர்ல மாத்திரையிலயே போயிடுதே."

"உங்க ஊர்ல சிம்னி இல்லீங்க."

ஐந்தாம் நாள் குழந்தை பால் குடித்தது. பனி முடியும்வரை சிறுவாச்சூரில் இருக்கச் சொன்னேன்.

"எங்கூட்டுக்காரருக்கு யாரு சார் சோறாக்குறது? அவருக்கு அந்த ஆலையிலதான் வேலை" என்றாள் செல்வி. ஆனாலும் போனாள்.

அன்றிலிருந்து, மருந்தில்லாமல் திருப்பி அனுப்பியவர்களையும் தேவைக் கணக்கில் எழுதினேன். கடன் வயல்களைச் செலவில் ஏற்றினேன். இந்த வேலைக்கு வரும் இளையவர்களே, நீங்களும் அப்படியே எழுதுங்கள். எழுதாதவரை, ஆபீஸ் கணக்கில் அந்த நோயாளி வரவே இல்லை.

அடுத்த ஐப்பசியில் இரண்டு மடங்கு கேட்டேன். காரணம்: 'சென்ற ஆண்டுச் செலவின்படி.' கேள்வியில்லாமல் வந்தது. காற்றைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அது வழக்கம்போல் வடகிழக்கிலிருந்தே வீசியது.