சின்னப்பன் எஸ். என்கிற எங்கள் ஸ்டெல்லா

ஸ்டெல்லா போய்விட்டாள். இன்று காலை ஆறரை மணிக்கு, ஆத்தூரில், அவள் அப்பா வீட்டில்...

காலேஜில் எல்லோருக்கும் ஸ்டெல்லா மேடம். எனக்கு வெறும் ஸ்டெல்லா. அவள் லேபில், நான் லைப்ரரியில். இருபது வருஷத்துக்கு மேல் மத்தியானச் சாப்பாடு ஒரே மேஜையில்.

ஒரு வருஷமாகக் கிட்னி படுத்தியது. போன வாரம் போய்ப் பார்த்தபோதுகூட என் புடவையைக் கிண்டல் பண்ணினாள். அதனால் ரொம்ப அழக் கூடாது என்று இருக்கிறேன். பார்ப்போம்.

தெரியாதவர்களுக்காக... மூளையில் ஒரு நரம்புச் செல்லும் இன்னொரு செல்லும் சேரும் இடத்தில் ஒரு புரோட்டீன் இருக்கிறது. நாம் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போது அது என்ன ஆகிறது என்பதுதான் அவள் ஆயுசு முழுக்கச் செய்த ஆராய்ச்சி. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

"இம்புட்டு புரிஞ்சா போதும் மலரு. மிச்சம் எனக்கே இன்னும் புரியல" என்பாள்.

அவள் லேபில் ஐஸ் மெஷின் ஓடிய நாளைவிட ரிப்பேராகிக் கிடந்த நாள்தான் அதிகம். தெர்மாகோல் பெட்டியை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு மீன் கடைக்குப் போய் ஐஸ் வாங்கி வருவாள். ஒரு நாள் நானும் கூடப் போனேன்.

கடைக்காரர் கேட்டார், "எத்தன கிலோ மீனுக்கு மேடம்?"

"மீனுக்கு இல்லண்ணே. எலி மூளைக்கு."

அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்கள் பெட்டியைத் தொடவே மாட்டார். தூரத்தில் நின்று அள்ளிப் போடுவார்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் ஒரு பெயர், ஒரு இனிஷியல், அவ்வளவுதானே. அவள் சி. ஸ்டெல்லா. அப்பா பெயர் சின்னப்பன். முதல் ஆராய்ச்சிப் பேப்பரை வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பும்போது ஃபாரத்தில் 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம். கடைசிப் பேர் என்றால் அப்பா பேர்தானே என்று சின்னப்பன் என்று போட்டுவிட்டாள். அந்தக் கட்டத்தில் இருப்பதைத்தான் அங்கே ஆளின் பேராக எடுத்துக்கொள்வார்கள் என்று ரொம்ப நாள் கழித்துத் தெரிந்து, பின்னால் வந்த பேப்பர்களில் அதே கட்டத்தில் ஸ்டெல்லா என்று போட்டாள்.

பிறகென்ன... கம்ப்யூட்டர் கணக்கில் இரண்டு சயின்டிஸ்ட். அதில் உலகம் தேடித் தேடி மேற்கோள் காட்டியதெல்லாம் சின்னப்பனை. ஸ்டெல்லாவுக்குச் சொற்பம்தான்.

சின்னப்பன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆத்தூரில் கத்தரியும் தென்னையும் போட்டிருப்பவர். 'சின்னப்பன் எட் ஆல்' என்று அச்சடித்திருந்ததைக் காட்டினேன்.

"எட் ஆல்னா யாருத்தா?"

"மத்தவுங்க எல்லாரும்னு அர்த்தம்ப்பா."

"அப்ப நாந்தேன் முன்னாடி நிக்கிறேன்."

அதிலிருந்து போகும்போதெல்லாம் கேட்பார், "இந்த மாசம் எம்பேரு எங்கெங்க வந்துருக்கு?" ஜப்பான், பிரேசில் என்று நான் ஒப்பிக்க வேண்டும்.

புரொஃபசர் இன்டர்வியூவில்தான் வினை வந்தது. "முக்கியமான பேப்பரெல்லாம் சின்னப்பன்னு ஒருத்தர் பேர்ல இருக்கே, அவர் யாரு? உங்க கைடா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"எங்கப்பா சார். தோட்டத்துல இருப்பாரு. போன் போட்டுத் தரவா?"

யாரும் சிரிக்கவில்லையாம். அந்த வருஷம் கிடைக்கவில்லை.

அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான். லைப்ரரியில், பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டு... "அம்புட்டும் நான் பண்ணுனது மலரு. நான்தான் பண்ணுனேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தக் கோடை லீவு முழுக்க ஒவ்வொரு ஜர்னலுக்கும் எழுதினேன். இனிஷியல் என்றால் என்ன என்று வெள்ளைக்காரனுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு வழியாக இரண்டு ஆளும் ஒரே ஆள் என்று ஆனது. அடுத்த தடவை புரொஃபசரும் ஆனாள். ஸ்டாஃப் ரூம் முழுக்க லட்டு.

ஒன்று மட்டும் பாக்கி. எல்லாப் பேப்பருக்கும் மேலே எந்தப் பெயர் தெரிய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் கேட்டிருந்தது. நான் ஸ்டெல்லா என்று டைப் பண்ணினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா பேரே இருக்கட்டும்டி."

"கிறுக்கா ஒனக்கு? இதுக்குத்தான அன்னைக்கு அந்த அழுக அழுத?"

"என் வேலைன்னு நம்பலயேன்னு அழுதேன். இப்பத்தான் நம்பிட்டாங்கல்ல. பேரு யாருதா இருந்தா என்ன? அவரு பாட்டுக்கு ஜப்பான் வரைக்கும் போயிட்டு வரட்டும்."

எனக்கு அன்றைக்குக் கோபம்தான். ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

இன்று காலை ஆத்தூருக்குப் போனதும், அவளோடு வேலை பார்த்த வெளிநாட்டு ஆட்களுக்கெல்லாம் மெயிலில் செய்தி சொன்னேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் முதல் பதில் வந்தது, ஜெர்மனியிலிருந்து. 'டாக்டர் சின்னப்பன் மறைந்த செய்தி கேட்டு மிகவும் வருந்துகிறோம்' என்று ஆரம்பித்திருந்தது.

பழக்கதோஷம்... திருத்தி எழுத விரல் போய்விட்டது.

"யாருத்தா? என்ன எழுதியிருக்காங்க?" என்றார் அப்பா.

சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. பிறகு உள்ளது உள்ளபடி தமிழில் சொல்லிவிட்டேன்.

"எம்பேரச் சொல்லியா வருத்தப்படுறாங்க?"

"ஆமாப்பா. தப்பா நெனச்சுக்காதீங்க. திருத்திச் சொல்லிரவா?"

"வேணாம்த்தா. அம்புட்டுத் தூரத்துல எம்பிள்ளைக்கு அழுக ஆளு இருக்குல்ல. எந்தப் பேரச் சொல்லி அழுதா என்ன?"

நான் திருத்தவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு ஆத்தூர் கோயிலில் அடக்கப் பூசை. முடிந்தவர்கள் வாருங்கள்.

போய் வா ஸ்டெல்லா.