ஸ்டெம் செல்லுக்கு நான் வைத்த பத்தியம்

போன பங்குனியில், பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டைக் கடக்கும்போது நடந்தது இது. 

என் கணவருக்கு ஆறு வருடமாக நடுக்குவாதம், பார்க்கின்சன் என்பார்கள். மதுரை டாக்டர் கொடுக்கும் மாத்திரையில்தான் நடமாடிக்கொண்டிருந்தார். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதற்கெடுத்தாலும் பயம். இவர் படுக்கையில் விழுந்துவிடுவாரோ என்பதே எந்நேரமும் நினைப்பு.

அப்போதுதான் சொந்தக்காரர் ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். மூளையில் செல் செத்துப்போவதால்தான் இந்த நோய். அங்கே ஸ்டெம் செல் என்ற இளம் செல்லை வைத்தால் புதிதாக வளரும் என்றார்கள். பருத்தி முளைக்காத குழியில் மறுவிதை ஊன்றுவதுபோல என்று புரிந்துகொண்டேன். அதில் சொன்ன சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

எங்கள் பக்கம் மஞ்சள்காமாலைக்குப் பச்சிலை கொடுத்தால், இங்கிலீஷ் மருந்தை நிறுத்திப் பத்தியம் இருக்கச் சொல்வார்கள். இதற்கும் அப்படித்தான் இருக்கும், பழைய மருந்து உடம்பில் கிடந்தால் புதுச் செல் ஒட்டாமல் போய்விடும் என்று பயந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கிளம்புவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே, "மாத்திரைய நிறுத்தணுமாம்" என்று அவரிடம் சொன்னேன். சரி என்றார். நாளுக்கு நாள் உடம்பு இறுகியது. பழைய மருந்து உடம்பைவிட்டு இறங்குகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கிளம்பிய அன்று, பஸ்ஸுக்காக ரோட்டைக் கடந்தோம். பாதி ரோட்டில் அவர் கால் நின்றுவிட்டது. இழுத்தேன், தள்ளினேன், கல்தூண்போல நின்றார். எதிரே லோடு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. "நீ ஓடிரு" என்றார், குழறிய குரலில்.

லாரி கிறீச்சிட்டு நின்றது. "காலங்காத்தாலயே தண்ணியா?" என்று டிரைவர் கத்தினார்.

"ஏலே, அவுக குடிகாரரு இல்ல, நோவாளி! வண்டிய அமத்துலே!" என்று பதிலுக்குக் கத்திக்கொண்டே ஓடிவந்தார் ஒரு பெண். தலையில் பருத்திமார்க் கட்டு. அடுப்பெரிக்கக் கொண்டுபோன காய்ந்த செடிகள். கட்டைக் கீழே போட்டு ஒரு குச்சியை உருவி, அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தார்.

"அண்ணே, இதத் தாண்டுங்க."

தாண்டினார்! அடுத்து ஒன்று வைத்தார். அதையும் தாண்டினார். அப்படியே ஓரம் வரைக்கும்.

அந்தப் பெண்ணின் அண்ணனுக்கும் இதே வியாதியாம்; கால் நின்றுபோனால், முன்னால் குறுக்கே எதையாவது வைத்தால் தாண்டிவிடுவாராம். "மாத்திரை போட்டாகளா?" என்றார். சென்னை வைத்தியத்தையும் பத்தியத்தையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "மூளைக்குள்ள வைக்கப்போறது என்ன பச்சிலையா தாயி? மொதல்ல எப்பவும் பாக்குற டாக்டர்ட்ட ஓடு."

சென்னைப் பயணம் மதுரையோடு நின்றது. டாக்டர் கோபப்பட்டார். பிறகு தணிந்து, "அந்தச் செல் விஷயம் பொய்யில்லம்மா. இன்னும் சோதிச்சுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நல்லா ஆயிரும்னு இப்ப யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்த மாத்திரையத் திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்து" என்றார்.

பழையபடி நடக்க அவருக்குப் பல நாள் ஆனது. இப்போதும் மாத்திரையை என் கையிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறார். ஒரு நாள் அந்த வைத்தியம் வரும் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் நான் எதை நீட்டினாலும் என்ன ஏதென்று கேட்காமல் அவர் வாயில் போட்டுக்கொள்ளும்போது, அந்த வியாதியைவிட அந்த நம்பிக்கைதான் என்னை அதிகமாகப் பயமுறுத்துகிறது.