சைக்கிள் டியூப் கட்டிய துப்பாக்கி

பட்டாளத்தில் அவனுக்கு ‘ரப்பர்’ என்று பெயர். பதினோரு வருடத்தில் அவன் சம்பாதித்தது சட்டைக்கையில் இரண்டு பட்டை, இந்தப் பெயர், அரசாங்கத் துப்பாக்கியின் மேல் தீராத இளக்காரம்.

துப்பாக்கி லட்சணமானது. சுட முடியாது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோட்டாப் பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி. மூன்றாவது குண்டு வெடிக்கும் அதிர்வில் கொக்கி நழுவும், பெட்டி காலடியில் விழும். வடிவமைத்த மேதை அதை மேசையில் வைத்தே பார்த்திருப்பார். மேசையில் அது விழாது. ஆகவே சிப்பாய்கள் சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கிக் கொக்கியின் மேல் இறுக்கிக்கொண்டார்கள். டியூப் உபயம், இவன் மனைவியின் அண்ணன்.

“என்ன மாப்ள, எதிரியை விரட்டுறது நீங்களா, என் பஞ்சர் கடையா?”

பொறுக்காமல் அவன் துப்பாக்கியின் மேல் எழுத்தில் புகார் கொடுத்தான். விசாரணைக் குழு வந்தது.

“முப்பது குண்டு சுடு. பெட்டி விழுந்தா உன் பேச்சு சரி. விழலைன்னா ஒரு பட்டை போயிடும்” என்றார் குழுத் தலைவரான மேஜர்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. விழாமல் இருந்தால்தானே அதிசயம்! வளையத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மைதானத்தில் படுத்தான். “தயார்!” என்ற குரல் கேட்டதும் கண் இலக்குக்குப் போனது. பதினோரு வருடம் பழகிய கை பைக்குள் போய், வளையத்தை எடுத்து மாட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது.

முப்பதும் நடுவட்டத்தில். நிழலில் உட்கார்ந்திருந்த குழு கைதட்டியது. அப்போதுதான் துப்பாக்கியைப் பார்த்தான்: கொக்கியின் மேல் வளையம்.

“இது என்னடா?” என்றார் கிட்டே வந்த மேஜர்.

“டியூப் சார். கழற்றிட்டு இன்னொரு தடவை சுடறேன் சார்.”

“முப்பது குண்டுக்குத்தான் அனுமதி.”

தீர்ப்பு வந்தது: துப்பாக்கி குற்றமற்றது, சிப்பாய் பொய்யன், அரசாங்கச் சொத்தில் அனுமதியின்றி ரப்பர் மாட்டியவன். பட்டை ஒன்று போயிற்று.

“குறி தப்பாம சுடறதுக்கு வேற நாளே கிடைக்கலையா உங்களுக்கு?” என்றாள் மனைவி, பட்டை பிரித்த இடத்தில் நூலை வெட்டிக்கொண்டே.

நான்கு மாதத்தில் அதே குழு ‘மேம்பட்ட மாடல்’ அனுப்பியது. பழைய துப்பாக்கிதான். கூடவே எண் பொறித்த கறுப்பு ரப்பர் வளையம், ஆளுக்கொன்று. அளவில் ஒரு விரல் சிறியது. இழுத்து மாட்டியதும் அறுந்தது.

அவன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். மறுநாள் பஞ்சர் கடைக்குப் போனான்.