ஏழாம் வாய்ப்பாடு

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதை யாரும் மறக்க நான் விட்டதில்லை.

எங்கள் தீவின் ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்து லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் அப்போது பள்ளி இல்லை. அப்பா காடு வெட்டப் போவார். அம்மா நாற்றங்காலில் கன்றுப் பைகளில் மண் நிரப்புவாள். கப்பல் ஏறிப் போக வேண்டிய ஹேடோவில் ஓர் உறவுக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே மெட்ரிக் முடித்து நான் திரும்பியபோது தங்கைக்குப் பன்னிரண்டு வயது. நான் படித்த பள்ளியிலேயே, விடுதியோடு சேர்த்து, அவளுக்கு இடம் கேட்டிருந்தோம். கணக்குத் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் வயது தாண்டிவிடும். அப்புறம் அம்மாவோடு மண் நிரப்ப வேண்டியதுதான். அவளை வீட்டில் வைத்துத் தயார் செய்வது என் பொறுப்பு.

இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று, அந்தப் பள்ளியில் நடத்தும் ஹிந்திப் புத்தகம். பக்கத்து வீட்டு வங்காளி அக்கா தன் மகன் படித்து முடித்ததைக் கொடுத்திருந்தாள். மற்றது, மெயின்லாண்டிலிருந்து கப்பலில் நான் வரவழைத்த தமிழ்ப் புத்தகம்.

லைனில் எல்லாப் பிள்ளைகளும் எண்ணுவது ஹிந்தியில்தான். ஆளுக்கொரு பாஷை பேசும் வீடுகள். கோலி ஆட ஒரே எண்தானே வேண்டும்? அந்த வங்காளிப் பையனோடு பாடிப் பாடித் தங்கைக்கு வாய்ப்பாடு முழுவதும் ஹிந்தியிலேயே ஏறியிருந்தது. முதல் நாள் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன்.

"ஸாத் அட்டே சப்பன்" என்றாள். "அம்பத்தாறு, அக்கா."

இருபது கேள்வி கேட்டேன். ஒன்றுக்குக்கூட அவள் விரலைத் தொடவில்லை. அந்த வயதில் நான் விரல் விட்டு எண்ணியவள்.

தமிழ்ப் புத்தகத்தை எடுத்தேன்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்கு ஹிந்தியில ஓடுதுல்ல புள்ள, அதுலயே ஓட்டேன். பரீட்சையும் அதுலதானாமே?"

"கைநாட்டு வைக்கிறவ எனக்குப் புத்தி சொல்றியா?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா, "விடு, ஆத்தா படிச்சவ, அதுக்குத் தெரியாதா" என்றார்.

எனக்குத் தெரியும். வாய்மொழிக் கேள்விகள் ஹிந்தியில்தான் வரும். நான் அங்கே தமிழில் வாய்ப்பாடு சொல்லி வகுப்பே சிரித்தது. அப்படியும் முதலாவதாக வந்தேன். இவள் மட்டும் நோகாமல் வந்துவிட வேண்டுமா?

ஆறு மாதம். ஹிந்தியில் ஓர் எண் வாயில் வந்தால் மர ஸ்கேலின் ஓரத்தால் விரல் முட்டியில் ஓர் அடி. முதலில் அழுதாள். பிறகு அழுவதை விட்டுவிட்டு, பதில் சொல்லுமுன் என் வலது கையைப் பார்க்கப் பழகினாள். தமிழில் தட்டுத்தடுமாறிச் சொல்வாள். வேகம் போய்விட்டது. அது எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

தேர்வு நாளில், ஹேடோப் பள்ளியில், கணக்கு மாஸ்டர் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். சுலபமாகத்தான் தொடங்கினார்.

"ஸாத் அட்டே?"

தங்கை என் கையைப் பார்த்தாள். அது மடியில் சும்மா கிடந்தது. அவள் உதடு பிரிந்தது, மூடிக்கொண்டது. அவர் இன்னொன்று கேட்டார், இன்னும் சின்னதாக. அவள் தன் விரல்களைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கூங்கி ஹை க்யா?" என்றார். ஊமையா என்று.

அவள் வாய் பேசக்கூடியவள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் பேசவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். என் பழைய மாஸ்டர். என்னை முதல் மாணவியாக அறிந்தவர்.

"மந்த் புத்தி ஹை, சார்" என்றேன்.

புத்தி மட்டு என்று நான் சொன்னது அவளுக்குப் புரிந்தது. என்னைவிட அவளுக்கு ஹிந்தி நன்றாகத் தெரியும். திரும்பிவந்த கப்பலில் என் பக்கத்தில் உட்காராமல் மேல்தளத்துக்குப் போய்விட்டாள்.

இப்போது லைன் பக்கத்தில் பள்ளி வந்துவிட்டது. நான்தான் அங்கே டீச்சர். போகிற வழியில் நாற்றங்கால். போன வாரம் மேஸ்திரி அவளிடம், இந்தப் பக்கம் எத்தனை பை என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு. என்னைப் பார்த்ததும் அவள் குரலை உயர்த்தினாள்.

"ஸாத் அட்டே சப்பன்!" என்றாள். பிறகு மண் படிந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சரிதானே, டீச்சர்?"

பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் அந்த வரிசையில்தான் இருந்தாள்.

"தமிழ்ல சொல்லு" என்றேன்.